தாழிக்குள் போனது யார்? பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

என் பாட்டி சொன்ன கதை இது. அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடல் சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் கைக்குழந்தை அளவுக்குக் குறுகிப்போன கிழவரை விளக்குமாடத்தில் உட்காரவைப்பார்களாம். பூனை கவ்விக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வந்ததும் பெரிய பானைக்குள் இறக்கி, பக்கத்தில் ஒரு கலயத்தில் சோறும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்து, மண்ணில் புதைத்துவிடுவார்களாம். அதுதான் முதுமக்கள் தாழியாம்.

ஊருக்கு ஊர் சில்லறை மாற்றங்களோடு இந்தக் கதை உலவுகிறது. வட மாவட்டங்களில் குன்றுகளின் மேல் நிற்கும் கல் அறைகளைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். செய்தித்தாளில் தாழி கிடைத்த செய்தி வரும்போதெல்லாம் 'கற்கால மனிதனின் கல்லறை' என்று ஒரு தலைப்பும் தவறாமல் வந்துவிடும். இவை எல்லாமே பிழை. ஆனால் பாட்டி கதையை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். ஒருகாலத்தில் ஏதோ ஒரு வயலில் தாழியைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டதை வைத்துக் கட்டிய கதை அது. அவர்கள் கண்டது ஒரு சிறிய குவியல் எலும்பு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கலயங்கள். ஒரு முழு மனிதன் இவ்வளவு சிறிய குவியலாக எப்படி ஆனான்? கேள்வி சரியான கேள்விதான். விடைதான் தவறிவிட்டது.

சரியான விடை கிடைத்துவிட்டால் தாழியின் வடிவம், கல்லறையின் அளவு, அதன் சுவரில் உள்ள துளை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் இரண்டு சொற்கள்

தாழி என்பது அகன்ற வாயுள்ள பெரிய மண்பாண்டம். வெண்ணெய் திரண்டு வரும்போது உடைகிறதே, பழமொழியில் வரும் அதே தாழிதான். 'முதுமக்கள்' என்பதில் உள்ள 'முது' வெறும் கிழப்பருவத்தைக் குறிப்பதன்று. மூதூர், முதுமொழி, மூதாதை என்பவற்றில் வரும் பழமை அது. முதுமக்கள் தாழி என்றால் முன்னோரின் தாழி. தாழிகளில் குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. கிழவர்களுக்கு மட்டுமே தாழி என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது 'பெருங்கற்காலம்'. பெரும் குழப்பத்துக்குக் காரணம் இந்தச் சொல்தான். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பள்ளியில் படித்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்கிறோம். அவை கருவிகளை வைத்து இட்ட பெயர்கள். இது கல்லறையை வைத்து இட்ட பெயர். பெரிய கற்களைக் கொண்டு ஈமச்சின்னங்கள் எழுப்பிய காலம், அவ்வளவுதான். தென்னிந்தியாவில் அப்படி எழுப்பியவர்கள் இரும்பைப் பயன்படுத்தியவர்கள். அவர்களின் கல்லறைக்குள் வாளும் ஈட்டிமுனையும் கிடைக்கின்றன. ஆகவே இது இரும்புக்காலம். ஈமச்சின்னம் என்பது இறந்தவருக்காக எழுப்பிய எந்த அமைப்புக்கும் பொதுப்பெயர். கல்லே இல்லாத வெறும் தாழியும் அதில் அடங்கும்.

எலும்பு பொறுக்குவதிலிருந்து தொடங்குவோம்

நம் வீடுகளில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? தகனம் முடிந்து மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சுடுகாட்டுக்குப் போகிறோம். காடாற்று என்று சொல்வார்கள். சாம்பலில் பால் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கி, மண்கலயத்தில் இட்டுத் துணியால் வாய்கட்டி, ஆற்றிலோ கடலிலோ கரைக்கிறோம். அந்தக் கலயத்தை ஒரு ஆள் ஒரு கையிலேயே எடுத்துப் போகலாம். அதனால் செத்தவர் ஓரடி உயரத்துக் குள்ளர் என்று யாரும் சொல்வதில்லை.

இந்தச் சடங்கின் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதல் நிலையில் உடலிலிருந்து சதை நீங்குகிறது. இரண்டாம் நிலையில் எஞ்சிய எலும்பு மரியாதையோடு ஓரிடத்தில் சேர்க்கப்படுகிறது. பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் பெரும்பகுதி அந்த இரண்டாம் நிலைக்காகக் கட்டப்பட்டவை. உடலை எரித்தோ, வெட்டவெளியில் கிடத்தியோ, தற்காலிகமாகப் புதைத்தோ, சதை நீங்கியபின் எலும்பில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துத் தாழியிலோ கல்லறையிலோ வைப்பது. இதற்கு இரண்டாம் நிலை அடக்கம் என்று பெயர். உடலை நேரடியாகவே வைத்துவிட்டால் அது முதல் நிலை அடக்கம். நம் காடாற்றும் அவர்கள் வழக்கமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. இடையில் நீண்ட காலம் கிடக்கிறது. புரிந்துகொள்ள உதவும் ஓர் ஒப்புமை, அவ்வளவே.

எல்லாத் தாழியிலும் எலும்புக் குவியல்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆதிச்சநல்லூரில் முழங்காலை மடக்கிக் குந்தவைத்த நிலையில் முழு எலும்புக்கூடுகளும் தாழிக்குள் கிடைத்தன. ஒரே இடுகாட்டில் இரண்டு வழக்கமும் இருந்திருக்கிறது. மணிமேகலை காட்டும் சுடுகாட்டில் சுடுவோர், வெளியே இடுவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என ஐந்து வகையினர் ஒரே இடத்தில் புழங்குகிறார்கள்.

இதுவரை பார்த்தது: தாழியும் கல்லறையும் பெரும்பாலும் எலும்புக்கான இடங்கள். உள்ளிருப்பது சிறியது என்பதால் செத்தவர் சிறியவர் ஆகிவிட மாட்டார்.

தாழியை எப்படிச் செய்தார்கள்?

ஒரு மீட்டர் அளவுக்கு உயரமுள்ள பானையைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் வனைந்து தூக்க முடியாது. ஈரமண் தன் பாரத்தாலேயே உட்கார்ந்துவிடும். அதனால் மண்ணைக் கயிறுபோலத் திரித்துச் சுருள் சுருளாக அடுக்கி, இணைப்புகளை அழுத்தித் தட்டி, கொஞ்சம் காயவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கை ஏற்ற வேண்டும். கழுத்துக்குக் கீழே பல தாழிகளில் ஒரு மண்பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையில் வரிசையாகப் பள்ளங்கள். ஓர் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு துண்டின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு பள்ளமும் ஒரு பெருவிரல் பதிந்த இடம். பூவேலை மாதிரித் தெரிந்தாலும், மேலே ஒட்டிய பட்டையை உடம்போடு பிடிக்கவைக்கும் வேலையையும் அந்த அழுத்தம்தான் செய்கிறது.

தாழியின் அடி தட்டையாக இருப்பதில்லை; குவிந்தோ உருண்டையாகவோ இருக்கும். தரையில் நிற்க வேண்டிய பாண்டமல்லவே, குழியில் இறங்க வேண்டியது. பக்கத்து மண்ணே அதற்குப் பிரிமணை. வாயை ஒரு மூடியாலோ கவிழ்த்த இன்னொரு பாண்டத்தாலோ மூடுவார்கள். ஒரு தாழியின்மேல் இன்னொரு தாழியையே கவிழ்த்து மூடியதும் உண்டு.

கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம் பேசுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது (256). வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டே வந்த பல்லிபோல அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவள் நான்; எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்கிறாள். அகலம் என்பது குயவரிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்யவேண்டிய அளவு என்பது இதில் தெரிகிறது.

ஆதிச்சநல்லூர்: கல் இல்லாத பெருங்கற்கால இடுகாடு

தாமிரபரணியின் தென்கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். இடுகாட்டின் பரப்பு சுமார் 114 ஏக்கர். ஆற்றை ஒட்டி நன்செய் விரிந்து கிடக்க, தாழிகளைப் புதைத்ததோ சரளையும் பாறையுமான மேட்டில். உள்ளூரில் அதைப் பரம்பு என்பார்கள். சோறு போடும் மண்ணைச் செத்தவருக்குக் கொடுக்கவில்லை. ஏர் ஓடாத நிலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாறையை வெட்டிக் குழி எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. கையில் இரும்பு இல்லாவிட்டால் பெரும்பாடு.

1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் இங்கே தோண்டிக் கிடைத்தவற்றைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். பின் 1899 முதல் 1905 வரையான ஆண்டுகளில் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். பொன்னாலான மெல்லிய நெற்றிப்பட்டங்கள், எருமையும் பறவையும் உருவம் கொண்ட வெண்கலப் பொருள்கள், இரும்பு ஆயுதங்கள் என்று அவர் எடுத்தவற்றை இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு நூற்றாண்டு கழித்து, 2004இல் மீண்டும் அகழாய்வு தொடங்கியபோது தாழிகள் மூன்று அடுக்குகளாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கீழ்அடுக்கை இட்டவர்களின் வழித்தோன்றல்கள் அதே மேட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். இப்போது அகழாய்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள்.

செத்தவர்களின் இடம் இருந்தால் வாழ்ந்தவர்களின் இடமும் அருகில் இருக்க வேண்டும். கீழடியில் ஊர், பக்கத்துக் கொந்தகையில் அதன் இடுகாடு. தாழி கிடைத்ததாகச் செய்தி படித்தால் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது அந்த ஊரைத்தான்.

கல்லறை நிற்கும் சூட்சுமம்

கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியை ஒட்டுநாடா இல்லாமல் மூடத் தெரியுமா? நான்கு மடிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுற்றிச் செருகிவிட்டால் எதுவும் தானாகத் திறக்காது. ஒன்றை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கர்நாடகத்தின் பிரம்மகிரிக்கு வாருங்கள். 1947இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிய கல்லறைகளில் நான்கு பக்கமும் நான்கு பலகைக்கற்கள் செங்குத்தாக நிற்கின்றன. ஆனால் மூலையோடு மூலை சேர்ந்து நேரான சதுரமாக அல்ல. ஒவ்வொரு கல்லின் ஒரு முனை அடுத்த கல்லைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம்.

ஏன் இந்த வேலை? கல்லறை குழிக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள மண் நான்கு பக்கமும் உள்நோக்கி அழுத்தும். நான்கு கற்கள் வெறுமனே மூலையில் தொட்டுக்கொண்டு நின்றால் ஒன்று உள்ளே சரியும். சுவஸ்திக அமைப்பில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் மேல் சாய முயல்கிறது. அடுத்தது அதைத் தாங்குகிறது. மண் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு இறுகும். சாந்து இல்லை, ஆணி இல்லை. கவிழ்க்கப் பார்க்கும் பாரத்தையே கட்டும் கயிறாக மாற்றியிருக்கிறார்கள். கீழே ஒரு தளக்கல், மேலே ஒரு மூடுகல். அறை தயார்.

இப்படி மண்ணுக்குள் அமைந்த கல் அறை கற்பதுக்கை. இதுவே தரைக்குமேல் வெளியே தெரியும்படி நின்றால் கற்திட்டை. கற்திட்டைக்குச் சுற்றி மண் இல்லாததால் பக்கக்கற்களை ஆழ ஊன்றியோ, வெளியே முட்டுக்கல் கொடுத்தோ, கனமான மூடுகல்லின் பாரத்தாலோ நிறுத்த வேண்டும். மண் அரித்துப்போய்த் தலைகாட்டும் பதுக்கையைத் திட்டை என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பாறைமேல் நிற்பவை சந்தேகத்துக்கு இடமில்லாத திட்டைகள். அங்கே கீழே பாறைதான்; புதைக்க மண்ணே கிடையாது.

பலகைக்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நம் கருங்கல் பாறைகள் வெயிலிலும் மழையிலும் வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரியும் இயல்புடையவை. இயற்கையே பாதி வேலையைச் செய்துவைத்திருக்கும். மீதியைத் தீமூட்டிச் சூடேற்றிப் பிளந்து எடுக்கலாம். நம் பக்கத்துக் கல்லொட்டர்கள் அண்மைக்காலம்வரை கையாண்ட உத்தி அது.

அந்த வட்டத் துளை

பல கல்லறைகளில் ஒரு பக்கக்கல்லில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு துளை இருக்கும். இதுதான் இடுதுளை. ஒல்லியான ஆள் உடலைக் குறுக்கித்தான் உள்ளே போக முடியும். சிலவற்றில் கை மட்டுமே போகும். 'குள்ளர் வீடு' என்ற பெயர் இந்தத் துளையைப் பார்த்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு சின்ன வாசல் என்றால் வசித்தவர் எவ்வளவு சின்னவர் என்ற கணக்கு. தாழிக் கதையில் நடந்த அதே பிசகு.

இடுதுளையின் வேலை என்ன என்பதற்கு எளிய விடை, மூடுகல்லை அசைக்காமல் பின்னாலும் எலும்பை உள்ளே இடலாம் என்பது. பிரம்மகிரியில் ஒரே கல்லறையில் பலருடைய எலும்புகள் கிடைத்தன. ஒரு குடும்பத்தின் கல்லறை தலைமுறைதோறும் திறந்துகொண்டிருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. எனக்கு இந்த விளக்கம் பிடித்தமானது. ஆனால் கை நுழையாத துளைகளும் இருப்பதால், சிலவற்றில் அது ஆவிக்கான வழி என்றோ வெறும் அடையாளம் என்றோ சொல்பவர்களையும் மறுக்க முடியவில்லை. துளையை மூட ஒரு தனிக்கல் வைத்திருப்பார்கள் என்பது மட்டும் பல இடங்களில் நேரடியாகத் தெரிகிறது.

அறையை மூடியபின் மேலே சிறுகற்களைக் குவிப்பார்கள், அது கற்குவை. குவியல் சரிந்துவிடாமல் சுற்றிலும் பெரிய உருண்டைக்கற்களைப் பதிப்பார்கள், அது கல்வட்டம். நிலத்தில் நம் கண்ணுக்கு முதலில் படுவது இந்த வட்டம்தான். புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் இவற்றை நிறையப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்தது: கற்பதுக்கை மண்ணுக்குள், கற்திட்டை மண்ணுக்குமேல். உள்ளே போகும் வழி இடுதுளை. மேலே கற்குவை, சுற்றிலும் கல்வட்டம்.

இன்னும் சில வகைகள் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்துச் சானூரிலும் பல்லாவரத்திலும் சுட்டமண்ணால் ஆன, தொட்டிபோல நீண்ட பேழைகள் கிடைத்தன. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இவை ஈமப்பேழைகள். கேரளத்தில் விரித்த குடைபோலச் செதுக்கிய குடைக்கல் உண்டு. ஒற்றையாக நட்ட உயரமான கல் நெடுங்கல். வீரனுக்கு நட்ட நடுகல்லுக்கு அதுவே முன்னோடி என்று கருதுவோர் பலர்.

உள்ளே வைத்தவை

வாய்க்கரிசி போடும் வழக்கம் உள்ள நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பழனி அருகே பொருந்தலில் ஒரு கல்லறையில் நான்குகால் சாடி நிறைய நெல் இருந்தது. அதைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று வந்தது. சிவகளைத் தாழி ஒன்றிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற காலத்தைத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. கொடுமணலில் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல்லறைக்கு உரியவர் சாதாரண ஆள் அல்லர் என்பது நிச்சயம்.

எல்லா இடத்திலும் தவறாமல் கிடைப்பது கருப்பு-சிவப்புப் பானை. உள்ளும் வாயோரமும் கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டு வண்ணம் பூசியதல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்தால் வெளிப்பக்கத்துக்குக் காற்று கிடைத்துச் சிவக்கிறது. மூச்சுமுட்டிய உட்பக்கம் கருத்துப்போகிறது. அவ்வளவுதான் இரகசியம்.

தோண்டியவர்கள், தோண்டாதவர்கள்

மலபாரில் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1819இல் ஒன்றைத் திறந்து பார்த்து, 1823இல் எழுதி வெளியிட்டார். உள்ளூர்ப் பெயரான 'பாண்டு குழி'யை அவர் 'பாண்டு கூலி' என்று எழுதிவைத்தார். வெகுகாலம் ஆங்கிலத்தில் அதுவே பெயராக நின்றது. அவருக்குப் பின் வந்தவர்களில் ஆய்வாளர்களும் உண்டு, புதையல் தேடியவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரின் கைவேலையால்தான் இன்று நாம் பார்க்கும் திட்டைகளில் பெரும்பாலானவை வெறுமையாக இருக்கின்றன. வெறுமையாக இருப்பதால் வீடு என்று நினைக்கத் தோன்றுகிறது. இப்போது கல்குவாரியும் மனைப்பிரிவும் அந்த வேலையைத் தொடர்கின்றன. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது தாழி தட்டுப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. தாசில்தாரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ முதலில் சொன்னாலும் செய்தி நகர்ந்துவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு குன்றின்மேல் கற்திட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். இது யார் வீடு ஐயா என்று கேட்டேன். பாண்டவர் வீடு என்றார். இடுதுளையைக் காட்டி, இந்த வழியில் பீமன் எப்படி நுழைந்திருப்பான் என்றேன். அவர் துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"நுழைய முடியவில்லை என்றுதான் தம்பி, காட்டுக்குப் போய்விட்டார்கள்."